திசுவும் டிஷ்யூவும் ஒரே சொல்தான்

அறிவியல் சொல்லென்றால் அதற்கு ஒரே பொருள்தான் இருக்க வேண்டும், அது ஆய்வுக்கூடத்தில் பிறந்திருக்க வேண்டும், கடைத்தெருவிலும் தறிக்குழியிலும் புழங்குகிற சொல்லுக்கு அங்கே இடமில்லை என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆசிரியர்கள் அப்படிச் சொல்கிறார்கள், பெற்றோர் நம்புகிறார்கள், பாடநூல் எழுதுகிறவர்களும் பெரும்பாலும் அதையே பின்பற்றுகிறார்கள். இதையொட்டி இன்னொரு முடிவுக்கும் வந்துவிடுகிறார்கள்: தமிழ்ச் சொற்கள் பல பொருள் தருபவை, அதனால் அறிவியலுக்கு உதவாது, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதிவிட்டால் குழப்பமே வராது. இரண்டும் தவறு. எவ்வளவு பெரிய தவறு என்று காட்ட, ஆரணியில் நாள்தோறும் காதில் விழுகிற ஒரு சொல்லே போதும்.

ஆரணிக்கு முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் கேட்டு வாங்கும் வகைகளில் டிஷ்யூ பட்டும் ஒன்று. அதே ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் தாவரத் திசு, விலங்குத் திசு என்று மனப்பாடம் செய்கிறார்கள். விவசாயி திசு வாழை நடுகிறார். மருத்துவர் கட்டியிலிருந்து சிறு துணுக்கை வெட்டியெடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்புகிறார். கல்யாணப் பந்தியில் கை துடைக்க டிஷ்யூ பேப்பர் வைக்கிறார்கள். ஐந்தும் ஒரே சொல். ஆனால் கடைப்பலகையில் அது டிஷ்யூ, பாடநூலில் திசு. எழுத்துக்கூட்டல் இரண்டாகப் பிரிந்ததும் இரண்டுக்கும் உறவே இல்லை என்று ஆகிவிட்டது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை யாராவது இரண்டையும் இணைத்துக் கேட்டால், “அந்த டிஷ்யூ வேற, இந்தத் திசு வேற, பாடத்தைப் படி” என்ற பதில்தான் வரும். அந்தப் பதிலைத்தான் நான் மறுக்கிறேன். அது வரலாற்றுக்கும் புறம்பானது, அறிவியலுக்கும் புறம்பானது.

முதலில் வயதைப் பார்ப்போம். பொதுவாக நினைப்பது என்னவென்றால், உடற்கூற்றில் உள்ளதுதான் அசல் பொருள், துணி வியாபாரிகள் அந்தப் பெயரைக் கவர்ச்சிக்காக எடுத்து ஒட்டிக்கொண்டார்கள் என்பது. நடந்தது நேர்மாறானது. இலத்தீனில் நெய்தலைக் குறிக்கும் வினைச்சொல் டெக்ஸெரே. அதன் வழியில் பழைய பிரெஞ்சில் திஸ்த்ர் என்ற வினை வந்தது, அதிலிருந்து நெய்யப்பட்டது என்ற பொருளில் திஸ்ஸு வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அது விலையுயர்ந்த நெய்த பட்டையைக் குறித்தது, பிறகு பொன்னிழையும் வெள்ளியிழையும் ஊடாடிய மெல்லிய துணியைக் குறித்தது. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தத் துணியை எந்தப் படிநிலையில் இருப்பவர் உடுத்தலாம் என்று சட்டமே போட்டிருந்தார்கள். மெல்லிய தாளுக்கு இந்தப் பெயர் 18ஆம் நூற்றாண்டில் வந்தது. உடற்கூற்றுப் பொருள் ஆங்கிலத்தில் பதிவானது 1830களில்தான். மூக்குச் சிந்தும் காகிதம் 20ஆம் நூற்றாண்டுப் பொருள். ஆக, பொன்னிழைத் துணி என்ற பொருள் உடற்கூற்றுப் பொருளைவிட நானூறு ஆண்டுக்கு மேல் மூத்தது.

இப்போது ஆரணித் தறியில் டிஷ்யூ என்றால் என்ன என்று பாருங்கள். பாவு முழுக்கப் பட்டு. ஊடைக்குப் பட்டுக்குப் பதிலாகச் சரிகை. சரிகை சுற்றிய தார் நாடாவுக்குள் இருக்கிறது. நெசவாளர் மிதியை அழுத்த, விழுதுகள் ஏறி இறங்கி, பாவு இரண்டு அடுக்காகப் பிரிகிறது. அந்த இடைவெளியில் நாடா ஓடுகிறது, அச்சு வந்து இழையை அடித்து நெருக்குகிறது. பட்டு ஊடை சொன்னபடி கேட்கும். சரிகை கேட்காது, ஏனென்றால் அது பாதி உலோகம்: பட்டு இழைமேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேல் பொன்முலாம் ஏற்றுவதுதான் பழைய முறை. கொஞ்சம் தொய்ந்தாலும் கரையோரத்தில் சுருண்டு நிற்கும், கொஞ்சம் இறுகினாலும் கரை உள்வாங்கும். ஒவ்வொரு ஓட்டத்திலும் அந்த இழுவிசையைக் கை அளந்துகொண்டே இருக்க வேண்டும். நெய்து இறக்கிய துணியை வெளிச்சத்தில் ஒரு பக்கம் சாய்த்தால் பொன்னாகத் தெரியும், மறுபக்கம் சாய்த்தால் பாவின் நிறம் மேலே வரும். பழைய ஐரோப்பாவில் அந்தச் சொல் சுட்டியதும் இதைப் போன்ற துணியைத்தான். ஆரணி வியாபாரி சொல்லைத் திரிக்கவில்லை. அந்தச் சொல்லின் மிகப் பழைய பொருள்களில் ஒன்றை இன்றைக்கும் உயிரோடு வைத்திருப்பவர்களில் அவரும் ஒருவர்.

அப்படியானால் துணியின் பெயர் உடம்புக்குள் எப்படிப் போனது? தற்செயலாகப் போகவில்லை. 1682இல் வெளிவந்த தாவர உடற்கூறு நூலில் நெகமையா குரூ, செடியின் உட்பகுதியை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, பெண்கள் மெத்தைமேல் வைத்துப் பின்னுகிற மெல்லிய லேஸ் வேலைக்கு அதை ஒப்பிட்டார். தான் கண்டதைச் சொல்ல அவருக்கு அதைவிடச் சரியான உவமை கிடைக்கவில்லை. பிரான்சில் தியோஃபில் த போர்த்யு 1767இல் எழுதிய நூலின் தலைப்பிலேயே திஸ்ஸு என்ற சொல் உடற்கூற்றுப் பொருளில் இருக்கிறது. அதை ஒரு துறையின் அடிப்படைச் சொல்லாக நிறுத்தியவர் சேவியர் பிஷா. 1771இல் பிறந்து 1802இல், முப்பது வயதில் இறந்துபோன பாரிஸ் மருத்துவர்.

பிஷாவின் வேலைமுறையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அவருக்கு முன்னால் இதயம், ஈரல், குடல் என்று உறுப்பு உறுப்பாகத்தான் உடம்பைப் பார்த்தார்கள். பிஷா கேட்ட கேள்வி வேறு: இந்த உறுப்புகள் எல்லாம் எந்தெந்தத் துணியால் ஆனவை? வெவ்வேறு உறுப்புகளில் ஒரே வகைத் துணி மீண்டும் மீண்டும் வருகிறதா? அவர் நுண்ணோக்கியை நம்பவில்லை. வெட்டியெடுத்த சவ்வுகளைக் காயவைத்தார், கொதிக்கவைத்தார், ஊறப்போட்டார், அழுகவிட்டார், அமிலத்திலும் காரத்திலும் போட்டு எது எப்படி மாறுகிறது என்று பார்த்தார். அப்படிப் பார்த்து 21 வகைத் திசுக்கள் உண்டு என்று பிரித்தார். 1801இல் வந்த அவருடைய பொது உடற்கூறு நூல் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. நோய் என்பது உறுப்பைப் பிடிப்பதைவிட உறுப்பின் ஒரு திசுவைப் பிடிப்பது என்று பார்க்கப் பழகியது அதற்குப் பிறகுதான்.

பட்டு வாங்குகிறவர் கலப்படத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்று ஆரணியில் கேட்டுப் பாருங்கள். முந்தானை நுனியிலிருந்து ஓர் இழையை உருவி நெருப்பில் காட்டுவார்கள். பட்டென்றால் முடி கருகுகிற நாற்றம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையென்றால் உருகி உருண்டையாகும். துணியை அதன் வேதியியல் நடத்தையால் இனம்பிரிக்கிற இந்த முறையும் பிஷாவின் முறையும் ஒரே தருக்கத்தில் நடப்பவை. துணியின் பெயரை அவர் உடம்புக்கு இட்டார் என்றால், உடம்பைத் துணி பார்ப்பதுபோல் பார்த்தார் என்பதுதான் காரணம். இந்தச் சொல்லுக்குள் ஓர் ஆராய்ச்சி முறையே இருக்கிறது. “திசு என்றால் ஒத்த அமைப்பும் பணியும் கொண்ட செல்களின் தொகுப்பு” என்று மட்டும் சொல்லி நிறுத்தும்போது அந்த முறையைப் பிள்ளைகளிடமிருந்து மறைத்துவிடுகிறோம்.

தறி இந்த ஒரு சொல்லோடு நிற்கவும் இல்லை. திசுவைப் பற்றிய படிப்புக்கு ஹிஸ்டாலஜி என்று 1819இல் பெயரிட்டவர் பான் நகரப் பேராசிரியர் மாயர். கிரேக்கத்தில் ஹிஸ்டோஸ் என்றால் நிறுத்திவைத்த தறி, அதில் நெய்த துணிக்கும் அதே பெயர். செல் பிரிவதை 1882இல் விவரித்த வால்தர் ஃபிளெம்மிங், அதில் நூல்போலத் தெரிந்தவற்றைப் பார்த்து மைட்டாசிஸ் என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் மிட்டோஸ் என்றால் நூல். தறி சார்ந்த வழக்கில் பாவு நூலையும் விழுது நூலையும்கூட அது குறித்திருக்கிறது. 1898இல் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பெயரிட்ட கார்ல் பெண்டாவும் அதே நூலைத்தான் எடுத்தார். பூவின் மகரந்தத்தாளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் ஸ்டேமன் என்ற சொல் இலத்தீனில் பாவு இழை. குடலின் உட்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் வில்லஸ்களின் பெயரும் வெல்வெட் துணியின் பெயரும் ஒரே வேரில் வந்தவை. இப்படி ஒரு தறியின் உறுப்புகளையெல்லாம் எடுத்துக் கோத்து வைத்திருக்கிற உயிரியலுக்கு, தறிச் சொற்கள் தகாது என்று சொல்ல எந்த உரிமையும் இல்லை.

உலகம் இதை மறந்துவிடவில்லை. ஜெர்மன் மொழியில் திசுவுக்கு கெவேப என்றே சொல்கிறார்கள், நெய்தது என்று பொருள். டச்சு மொழியிலும் அப்படித்தான். ரஷ்யப் பிள்ளைக்குத் துணியும் திசுவும் ஒரே சொல், த்கான். அரபியில் நஸீஜ், அதுவும் நெய்த துணி. துருக்கிய மொழியில் நெய்தல் வினையிலிருந்து டோகு. சீனச் சொல்லின் இரண்டாம் எழுத்துக்கு நெய்தல் என்று பொருள். இந்தியில் ஊதக் என்கிறார்கள், சமஸ்கிருதத்தில் ஊத என்றால் நெய்யப்பட்டது. இத்தனை மொழிக்காரர்களும் பிரெஞ்சுச் சொல்லின் பொருளைத் தங்கள் தறியில் தேடி எடுத்துக்கொண்டார்கள். இவர்களில் யாருடைய மருத்துவமும் அதனால் குழம்பிப்போகவில்லை. இரண்டாயிரம் ஆண்டு நெசவு மரபுள்ள நாமோ ஓசையை மட்டும் எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிட்டோம்.

தமிழிலும் செய்தார்கள். செய்தவர்கள் இலங்கைத் தமிழர்கள். அங்கே பாடநூலில் திசு இல்லை, இழையம் இருக்கிறது. திசுவைப் பற்றிய படிப்பு இழையவியல். திசு வளர்ப்பு இழைய வளர்ப்பு. மைட்டாசிஸ் இழையுருப் பிரிவு. மைட்டோகாண்ட்ரியா இழைமணி. கிரேக்கத்தில் மிட்டோஸ் நூல், காண்ட்ரியான் சிறு மணி. இழைமணி என்ற சொல் அதை ஒரு குறையும் இல்லாமல் கொண்டுவந்து நிறுத்துகிறது. யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒரு வேர்ச்சொல்லைத் தெரிந்துகொண்டால் நான்கைந்து கலைச்சொற்கள் தாமாக வந்து அமர்கின்றன. நம் பிள்ளை ஒவ்வொன்றையும் தனித்தனியாக உருப்போட வேண்டியிருக்கிறது. தமிழில் மருத்துவம் எழுத முடியுமா என்பதும் புதிய கேள்வி இல்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், 1860களில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், உடற்கூறு உட்படப் பல நூல்களைத் தமிழாக்கினார். நம் பக்கத்தில் 1916இல் சேலத்தில் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் தமிழ் அறிவியல் சொற்களுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கி இதழும் நடத்தினார்கள். அந்த முயற்சிகளின் தொடர்ச்சி ஏன் திசு என்ற ஓசையில் வந்து நின்றது என்பது எனக்கு வருத்தம் தருகிற விஷயம்.

பல பொருள் தருவதால் தமிழ்ச் சொல் ஆகாது என்கிறவர்களுக்கு வருகிறேன். அவர்களுடைய பாதுகாப்பான ஒலிபெயர்ப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்று பார்க்க செல் என்ற சொல் போதும். உயிரியலில் அது உயிரின் அலகு. கடிகாரக் கடையில் அது மின்கலம். சட்டைப்பையில் அது கைபேசி. இதெல்லாம் ஆங்கிலத்திலிருந்து வந்த பொருள்கள். தமிழில் ஏற்கெனவே செல் என்றால் போ என்று ஏவல், செல் என்றால் கறையான், ஏட்டைச் செல்லரித்தது என்று இன்றும் சொல்கிறோம். ஒரே பொருள் வேண்டும் என்று சொல்லி எடுத்துக்கொண்ட சொல் ஐந்து பொருளோடு வந்து அமர்ந்திருக்கிறது. ஆனாலும் எந்த மாணவரும் செல் பிரிதல் என்று படிக்கும்போது கைபேசி இரண்டாக உடைவதாக நினைக்கவில்லை. ஏன் நினைக்கவில்லை? சொல்லின் பொருளை முடிவு செய்வது அது நிற்கிற இடம், செய்கிற வேலை, கொடுத்திருக்கிற வரையறை. பெயர் தனியாக இருந்து அதை முடிவு செய்வதில்லை.

இலத்தீன் ரேடியஸ் என்ற சொல்லுக்குச் சக்கரத்தின் ஆரக்கால் என்றும் ஒளிக்கதிர் என்றும் பொருள் உண்டு, நெசவாளியின் நாடா என்றும் பொருள் உண்டு. வட்டத்தின் ஆரமும் முன்கை எலும்பும் கதிரியக்கமும் அந்த ஒரே சொல்லின் வழியில் வந்தவை. அது பல பொருள் தருகிறது என்று கியூரி தம்பதியர் 1898இல் அதை ஒதுக்கிவைக்கவில்லை. தமிழில் கதிர் என்ற சொல்லைப் பாருங்கள். சூரியனின் கதிர், நெற்கதிர், நூல் நூற்கிற கதிர். ஒளியும் நூற்புக் கருவியும் நம் மொழியிலும் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. கதிரியக்கம் என்று சொல்லும்போது ராட்டை நினைவுக்கு வந்து யாருக்கும் இயற்பியல் குழம்பவில்லை. செல் பிரிவைப் படிக்கிறபோது கதிர்கோல் என்ற சொல் வருகிறதே, அங்கே அது நூற்கும் கதிர்தான், உருவமும் அதுதான். சங்க காலப் புலவர் ஒருவர் பெயர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். அங்கே அறுவை என்றால் துணி, அவர் துணி வணிகர். இன்றைக்கு அறுவை என்றால் மருத்துவமனையில் கத்தி வைப்பது. தறியிலிருந்து அறுத்தெடுப்பதும் உடலை அறுப்பதும் ஒரு வினையில் பிறந்தன. இரண்டாயிரம் ஆண்டாக மொழி இதைச் சிக்கல் இல்லாமல் சுமந்து வந்திருக்கிறது.

எழுதப்பட்ட உரைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் டெக்ஸ்ட் என்ற சொல்லும் திசுவின் உடன்பிறப்புதான், டெக்ஸெரே பெற்ற பிள்ளை. நமக்கு இந்த உறவு புதிதல்ல. நூல் என்றால் இழை, நூல் என்றால் புத்தகம். பா என்றால் செய்யுள், நெசவுப் பாவுக்கும் அது பெயர். பஞ்சைச் சொல்லாகவும் நூற்கிற பெண்ணைப் புலவராகவும் உவமித்து, இலக்கண நூலுக்கு நூல் என்ற பெயர் ஏன் வந்தது என்று நன்னூலில் பவணந்தி விளக்கியிருக்கிறார். அதை இலக்கண வகுப்பில் பெருமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். அடுத்த மணி அறிவியல் வகுப்பு, அங்கே அதே பிள்ளையிடம் திசு என்ற ஓசையை மட்டும் நீட்டுகிறோம்.

எதிர்வாதங்களில் கனமானவை இரண்டு உண்டு. ஒன்று, இரத்தமும் ஒரு திசுதான், அது திரவம், அதில் என்ன நெசவு இருக்கிறது, சொல்லின் மூல அர்த்தத்தைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளை தவறாக அல்லவா நினைக்கும் என்பது. நியாயமான கேள்வி. அணு என்பதற்கு மேலைநாட்டில் வைத்த பெயரின் பொருள் பிளக்க முடியாதது. பிளந்துவிட்டார்கள், பெயர் அப்படியே இருக்கிறது. ஆக்சிஜன் என்றால் அமிலத்தை உண்டாக்குவது. எல்லா அமிலத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியர் நினைத்தது தவறு என்று பின்னால் தெரிந்தது, பெயர் மாறவில்லை. இவற்றைச் சொல்லிக்கொடுக்கிறபோது மாணவர் குழம்புவதில்லை. அறிவு எப்படி வளர்ந்தது, எங்கே திருத்திக்கொண்டது என்று அவருக்குப் புரிகிறது. தசைத் திசுவில் இழைகள் கண்ணுக்கே தெரிகின்றன, இரத்தத்தில் அப்படி இல்லை, பிறகு ஏன் இரண்டையும் ஒரே பெயரில் வைத்தார்கள் என்ற கேள்வி வகுப்பில் எழுந்தால் அதைவிட நல்ல பாடம் என்ன இருக்கிறது? அந்தக் கேள்வி எழுவதற்குச் சொல்லின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொன்று, மருத்துவக் கல்லூரிக்குப் போனால் எல்லாம் ஆங்கிலம், அங்கே இழையம் எதற்கு உதவும் என்பது. பெற்றோரின் இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தறியில் உட்கார்ந்து பிள்ளையைப் படிக்கவைக்கிற குடும்பத்துக்கு அந்தக் கல்லூரி இடம் எவ்வளவு பெரியது என்று ஊருக்கே தெரியும். ஆனால் நான் ஆங்கிலச் சொல்லை ஒழிக்கச் சொல்லவில்லை. இழையம், அதாவது திசு, கடையில் டிஷ்யூ என்று சொல்வதும் இதுவே என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்கிறேன். ஹிஸ்டாலஜி என்ற சொல்லை முதல்முறை கேட்கும்போது அது தறியின் பெயர் என்று தெரிந்திருக்கிற மாணவர் எந்த வகையிலும் பின்தங்க மாட்டார். அந்தச் சொல்லோடு அவருக்கு முன்பே உறவு இருக்கும்.

இங்கே எதிர்த்திசையில் கிளம்புகிற ஒரு வாதத்தையும் மறுத்தாக வேண்டும். திசு என்பது தசை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓசை ஒற்றுமையைத் தவிர அதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை. இலத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக அந்தச் சொல் வந்த பாதை படிப்படியாகத் தெரிகிறது. பொருளும் பொருந்தாது, எலும்பும் இரத்தமும் திசுதான், அவை தசை இல்லை. இப்படிப்பட்ட பெருமை நமக்குத் தேவையில்லை. அந்தச் சொல் நம்முடையது அல்ல. அந்தச் சொல் சுட்டுகிற வேலை நம்முடையது, அந்த வேலைக்கான சொற்கள் நம்மிடம் குறைவில்லாமல் இருக்கின்றன.

தறிச் சொல் துல்லியம் இல்லாதது என்று நினைக்கிறவர்கள் ஆரணியில் பட்டு நூல் வாங்குகிற பேச்சைக் கேட்க வேண்டும். 20/22 டெனியர் என்று சொல்வார்கள். 9,000 மீட்டர் நீள நூல் 20இலிருந்து 22 கிராம் எடை இருக்கும் என்று அர்த்தம். டெனியர் ஒரு பழைய பிரெஞ்சு நாணயத்தின் பெயர், ரோமானிய தெனாரியஸ் வழியில் வந்தது. அந்தத் தெனாரியஸ் காசுகள் கொங்கு நாட்டு மண்ணில் புதையல் புதையலாகக் கிடைத்திருக்கின்றன. காசின் பெயர் எடையின் பெயராகி, நூலின் நுண்மையை அளக்கும் அலகாகி, இன்று செயற்கை இழைத் தொழில் முழுக்க வழங்குகிறது. அதைச் சொல்கிற நெசவாளர் ஒரு அறிவியல் அலகைப் பிழையில்லாமல் கையாள்கிறார். அவர் வீட்டில் தமிழ் பேசலாம், சௌராஷ்டிரம் பேசலாம், தெலுங்கு பேசலாம். தறியில் பாவு, ஊடை, சரிகை, ஜக்கார்டு, டெனியர் எல்லாம் ஒன்றாகக் கலந்து நிற்கின்றன. எந்தச் சொல் எந்த ஊரிலிருந்து வந்தது என்று அங்கே யாரும் தள்ளிவைப்பதில்லை, சொல்லுக்கு வேலை இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள்.

பட்டுக்கும் திசுவுக்கும் உள்ள உறவு பெயரோடு முடிந்துவிடவும் இல்லை. பட்டுப்புழுவின் உடம்புக்குள் பட்டைச் சுரப்பது ஒரு சுரப்பித் திசு. அது தருவது இரண்டு புரதங்கள்: உள்ளே இழையாக நிற்கும் ஃபைப்ரோயின், அதைச் சுற்றிப் பசையாக ஒட்டியிருக்கும் செரிசின். சாயம் ஏற்றுவதற்கு முன்னால் சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்துப் பசையை எடுக்கிறார்களே, அதில் நூலின் எடை ஏறத்தாழ கால் பங்கு குறைந்துபோகும். போவது செரிசின். ஆய்வுக்கூடங்களில் இன்று சேதமடைந்த திசுவை வளர்த்தெடுக்கச் சாரமாக ஃபைப்ரோயினைப் பயன்படுத்துகிறார்கள். அதற்கும் கூட்டைச் சோடா நீரில் கொதிக்கவைத்துப் பசையை நீக்குவதுதான் முதல் வேலை. அறுவைக்குப் பிறகு தையல் போடப் பட்டு இழையைப் பயன்படுத்துவது மிகப் பழைய வழக்கம். உடம்பின் துணி கிழிந்தால் பட்டு இழையால் தைக்கிறார்கள், இழந்த துணியைப் பட்டுப் புரதத்தின்மேல் வளர்க்கப் பார்க்கிறார்கள். இதைப் படித்த பிறகும் அந்த டிஷ்யூ வேறு, இந்தத் திசு வேறு என்று ஒரு ஆசிரியர் சொல்வாரானால், அவருக்குப் பட்டும் தெரியவில்லை, உயிரியலும் முழுதாகத் தெரியவில்லை.

நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமும் அல்ல. ஒன்பதாம் வகுப்புப் பாடத்தில் திசுவுக்கு வரையறை கொடுக்கிற பக்கத்தில் பிஷாவைப் பற்றி ஒரு பத்தியும், இழையம் என்ற சொல்லும், ஒரு தறியின் படமும் சேர வேண்டும். படத்தில் பாவு, ஊடை, விழுது, அச்சு, நாடா என்று பெயர் குறிக்க வேண்டும். ஆரணியிலும் தேவிகாபுரத்திலும் முள்ளிப்பட்டிலும் உள்ள பள்ளிகளுக்குப் படம்கூடத் தேவையில்லை, ஒரு மணி நேரம் பிள்ளைகளைப் பக்கத்துத் தெருத் தறிக்கு அழைத்துப் போகலாம். அங்கே பாடம் நடத்த வேண்டியவர் தறியில் இருக்கிறவர், ஆசிரியர் நின்று கேட்டுக்கொள்ளட்டும். கைத்தறியை விட்டு அடுத்த தலைமுறை வெளியேறிக்கொண்டிருக்கிறது, அவர்களோடு இந்தச் சொற்களும் போய்க்கொண்டிருக்கின்றன. கலைச்சொல் அகராதி தொகுக்கிறவர்கள் நகரத்து அறைகளில் உட்கார்ந்து சொல் புனைவதற்கு முன்னால், தறியிலுள்ள சொற்களைப் போய்க் கேட்டு எழுதிவர வேண்டும். அதற்கு ஆரணியில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள்.